1950 செவர்லே பண்ணை டிரக்: எதைக் காப்பாற்றுவது, எதைத் தூக்கிப் போடுவது

கேள்வி இதுதான். 1950-ம் வருடத்து செவர்லே 3100, அரை டன் டிரக். இருபது வருடத்துக்கு மேல் பண்ணைக் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. இன்ஜின் சுற்றுமா என்றுகூடத் தெரியாது. முடிந்தவரை அசல் பாகங்களை வைத்தே ஓட்டத்துக்குக் கொண்டுவர ஆசை. ஆனால் வந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "பெரிய 235 கன அங்குல இன்ஜினைத் தூக்கி வை, 12 வோல்ட்டுக்கு மாற்று, புதுக் கதவு வாங்கு" என்கிறார்கள். எங்கே தொடங்குவது, எதுவரை அசலைப் பிடித்துக்கொண்டிருப்பது, ஓட ஆரம்பித்த பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதல் மாதம் ஸ்பேனரையே தொடாதீர்கள். கொட்டகையிலிருந்து வந்த டிரக்குகளில் பாதி, உற்சாகத்தில் இரண்டே வாரத்தில் பிரித்துப்போடப்பட்டு, பிறகு பெட்டி பெட்டியாக அடுத்தவர் கைக்குப் போகின்றன. நானும் ஒரு வண்டியை அப்படித்தான் கெடுத்தேன். வயரைக் கழற்றும்போது எது எங்கே போனது என்று மறக்கவே மறக்காது என்று தோன்றும். எட்டு மாதம் கழித்து ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஆகவே முதலில் போட்டோ. வயர் எந்த இடத்தில் கிளிப்பில் மாட்டியிருக்கிறது, பிரேக் குழாய் சேஸியின் எந்தப் பக்கமாக ஓடுகிறது, எந்த போல்ட்டுக்கு வாஷர் உண்டு, எதற்கு இல்லை, எல்லாவற்றையும் எடுங்கள். கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள். அந்தக் காலத்து ஜி.எம். (செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் வண்ணத்துப்பூச்சி வடிவப் பள்ளம் கொண்ட ஸ்க்ரூக்கள் வரும். கிளட்ச் ஹெட் என்பார்கள். அதற்கான ஸ்க்ரூ டிரைவர் முனையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தலை வழுக்கிவிடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து, உங்கள் கையில் இருப்பது உண்மையிலேயே 1950 தானா என்று பாருங்கள். பண்ணை வண்டிகளில் ஒன்றின் கதவு இன்னொன்றில் ஏறியிருக்கும், மூன்றாவதன் இன்ஜின் இதில் உட்கார்ந்திருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் இருக்கும் தகட்டில் வரிசை எண் இருக்கும். தொடக்கத்து எண் தொழிற்சாலையைக் காட்டும். அதை அடுத்து வரும் எச்.பி. என்ற எழுத்துகளில் எச் என்பது 1950, பி என்பது அரை டன். ஜி.பி. என்றிருந்தால் 1949, ஜே.பி. என்றால் 1951. கதவுக் கண்ணாடிக்கு முன்னால் தனியாகத் திறக்கும் முக்கோணக் கண்ணாடி இருந்தால் அந்தக் கதவு 1951 அல்லது அதற்குப் பிந்தையது. அழுத்தித் திறக்கும் பொத்தான் கைப்பிடி என்றால் 1952 அல்லது அதற்குப் பிந்தையது. வார்ப்பு இரும்புப் பாகங்களின் மேல் தேதியே வார்க்கப்பட்டிருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், கடைசியில் வருடத்தின் கடைசி இலக்கம். "சி 14 0" என்று பிளாக்கில் இருந்தால் 1950 மார்ச் 14. இதை ஆர்வத்துக்காகச் சொல்லவில்லை. இந்த வருட வரிசைதான் பிறகு பிரேக் பாகம் வாங்கும்போது உங்களைக் காப்பாற்றும்.

இப்போது "அசல்" என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் குழப்பம் முழுவதும் அங்கேதான். விற்கிறவர்கள் நான்கு வேறு பொருள்களுக்கு இந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். வண்டியோடு பிறந்த பாகம் ஒன்று. அதே வகை வண்டியிலிருந்து கழற்றிய பழைய பாகம் இன்னொன்று. அந்தக் காலத்திலேயே செய்து, பெட்டி பிரிக்காமல் கிடந்த பழைய இருப்பு மூன்றாவது. பழையதைப் பார்த்து இப்போது செய்யும் நகல் நான்காவது. பலரும் பழைய இருப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். கியர், ஷாஃப்ட், பேரிங், கண்ணாடி மூடி, கதவுக் கைப்பிடி என்றால் சரி, தாராளமாக வாங்கலாம். ஆனால் எழுபது வருடம் பெட்டியில் கிடந்த ரப்பர் எழுபது வருடப் பழைய ரப்பர்தான். பிரேக் கப், பிரேக் ஹோஸ், ஃபியூயல் பம்ப் டயாஃப்ரம், ஃபேன் பெல்ட், டயர் இவற்றில் பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே இருப்பது குப்பை. பழைய இருப்பு இக்னிஷன் கண்டென்சரும் அப்படித்தான். உள்ளே இருக்கும் காகிதம் ஈரத்தை உறிஞ்சி, வண்டி சூடானதும் நின்றுபோகும். பெட்டியை அலமாரியில் வையுங்கள், பாகத்தைப் புதிதாக வாங்குங்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. இரும்பாக இருப்பதைக் காப்பாற்று. ரப்பர், துணி, காகிதம், உராயும் லைனிங் ஆகியவற்றை யோசிக்காமல் மாற்று. வண்டியோடு பிறந்த இரும்பு, தேய்ந்திருந்தாலும், நகலை விடப் பெரும்பாலும் நன்றாகப் பொருந்தும். ஒருமுறை துரு பிடித்த கதவைத் தூக்கிப் போட்டுவிட்டு நகல் கதவு ஒன்றை வரவழைத்தேன். தகடு மெலிதாக இருந்தது. மேல் விளிம்பில் ஒரு விரல் நுழையும் இடைவெளி, கீழே உரசல். அதைச் சரிக்கட்டச் செலவான நேரத்தில் பழைய கதவின் அடிப்பகுதிக்கு இரண்டு முறை ஒட்டுத் தகடு வைத்திருக்கலாம். கடைசியில் குப்பையிலிருந்து பழைய கதவைத்தான் எடுத்தேன்.

சரி, இன்ஜின். இருபது வருடம் நின்றதை செல்ஃப் அடித்துச் சுற்ற நினைக்கவே வேண்டாம். ஆறு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து கொஞ்சம் ஊற்றி, ஒரு வாரம் விடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. மேல் மூடியைத் திறந்து ராக்கர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வால்வு எதுவும் சிக்கியிருந்தால் சுற்றும்போது புஷ் ராடு வளையும். பிறகு ஃப்ளைவீல் பல்லில் நெம்பிப் பாருங்கள். ஒரு விரல் அளவு அசைந்தாலும் போதும், முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி விடுவிக்கலாம். அசையவில்லை என்றால் மறுபடி ஊற்றிவிட்டு இன்னொரு வாரம். பலத்தைக் காட்டினால் பிஸ்டன் ரிங் உடையும்.

சுற்ற ஆரம்பித்ததும் ஓட்டிப்பார்க்க கை பரபரக்கும். அதற்கு முன் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை இறக்குங்கள். இந்த இன்ஜினின் கதையே அங்கேதான் இருக்கிறது. 216 கன அங்குலம், ஆறு சிலிண்டர், 92 குதிரைத்திறன். மெயின் பேரிங்குகளுக்குப் பம்ப் அழுத்தத்தில் ஆயில் போகும். கனெக்டிங் ராடுகளுக்குப் போகாது. ஒவ்வொரு ராடின் அடியிலும் சின்னக் கரண்டி மாதிரி ஒன்று இருக்கும். தொட்டியில் ராடுக்கு ஒன்றாக வாய்க்கால்கள். மெதுவாகச் சுற்றும்போது கரண்டி வாய்க்காலில் முங்கி ஆயிலை அள்ளும். வேகம் கூடும்போது தொட்டியோரத்துச் சிறு குழாய்கள் பீய்ச்சும் ஆயில், நேரே கரண்டியில் வந்து மோதும். அந்தக் குழாய்களில் ஒன்று சேற்றால் அடைத்திருந்தாலோ, யாரோ தொட்டியைக் கழற்றும்போது இடித்து வளைத்திருந்தாலோ, அந்த ஒரு ராடு மட்டும் வறண்டு ஓடும். நின்றுபோன 216-களில் ஒற்றை ராடு தட்டும் சத்தத்துக்கு இதுதான் வழக்கமான காரணம். தொட்டியில் விரலளவு கறுப்புச் சேறு இருக்கும். எல்லாவற்றையும் வழித்து, வாய்க்கால்களைக் கழுவி, குழாய்களுக்குள் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

ராடு பேரிங் இப்போது வருவது போல கழற்றி மாற்றக்கூடிய ஷெல் (மெல்லிய உறை) கிடையாது. ராடிலேயே ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி ஊற்றிக் கடைந்திருப்பார்கள். இதைக் கேட்டதும் பயந்துபோய்த்தான் பலர் இன்ஜினையே மாற்றச் சொல்கிறார்கள். உண்மையில் பண்ணையாளருக்கு இது வசதியான ஏற்பாடு. ராடுக்கும் அதன் மூடிக்கும் நடுவில் மெல்லிய பித்தளைத் தகடுகள், அதாவது ஷிம், வைத்திருப்பார்கள். தேய்மானத்தால் இடைவெளி கூடினால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷிம்மை எடுத்துவிட்டு மூடியை முறுக்கினால் போதும். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து அளந்துகொண்டே செய்யுங்கள். ஒயிட் மெட்டலில் வெடிப்போ, உதிர்ந்த பள்ளமோ இருந்தால்தான் மறுபடி ஊற்ற வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் காத்திருக்க வேண்டும்.

ஆயில் மீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மீட்டரே சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் வரைதான் காட்டும். ஓட்டத்தில் 14 பவுண்டு அளவில் நின்றால் நல்ல இன்ஜின். சூடாகி நிற்கும்போது முள் கீழே இறங்கும். இன்றைய வண்டிகளைப் பழகிய மெக்கானிக் அதைப் பார்த்து "பம்ப் போய்விட்டது" என்பார். போகவில்லை.

ராக்கர் ஷாஃப்டுக்கு ஏறும் மெல்லிய ஆயில் குழாயையும் மறக்காதீர்கள், அடைப்பு அங்கே சகஜம். இன்ஜின் ஓடும்போது மூடியைத் திறந்தால் ஆறு சிலிண்டரின் ராக்கர்களும் ஈரமாக மினுங்க வேண்டும். வால்வு இடைவெளி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, இன்டேக்குக்கு 0.006 அங்குலம், எக்ஸாஸ்டுக்கு 0.013. கொஞ்சம் தட்டல் சத்தம் கேட்கும். கேட்கட்டும். அமைதியாக இருக்க வேண்டும் என்று இறுக்கிவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு எரியும். டைமிங் பார்ப்பதற்கு முன்புறப் புல்லியில் குறியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஃப்ளைவீலில் ஒரு சின்ன இரும்புக் குண்டு பதித்திருப்பார்கள். பெல் ஹவுசிங்கில் உள்ள ஓட்டை வழியாக அது தெரியும். பல வருடத் துருவில் அது மறைந்திருக்கும், கம்பித் தூரிகையால் தேய்த்து, மேலே ஒரு சொட்டு வெள்ளைப் பெயின்ட் வையுங்கள். பற்றும் வரிசை 1-5-3-6-2-4.

பெட்ரோல் டேங்க் இந்த வண்டியில் கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால். ஆகவே டேங்க்கின் கழுத்தை இணைக்கும் ரப்பர் வெடித்திருந்தால் ஆவி நீங்கள் உட்காரும் இடத்துக்கே வரும். முதலில் மாற்ற வேண்டிய ரப்பர்களில் அதுவும் ஒன்று. பழைய பெட்ரோல் வார்னிஷாக இறுகியிருக்கும். டேங்க்கைக் கழற்றி வெளியே வைத்துக் கழுவுங்கள். ஓட்டை இருந்தால், காலி டேங்க்தானே என்று நீங்களே வெல்டிங் வைக்கப் போகாதீர்கள். காலி டேங்க்தான் வெடிக்கும். ரேடியேட்டர் வேலை செய்பவரிடம் கொடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் ஃபியூயல் பம்ப் டயாஃப்ரமும் ஹோஸும் அதைத் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். பம்பின் வார்ப்பு உடல் உங்களுடையதே இருக்கட்டும். உள்ளே மட்டும் புதுசு.

பிரேக்கில்தான் அசல் பைத்தியம் ஆளைக் கொல்லும். ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. நான்கு சக்கரத்தில் எதில் ஓர் ஓட்டை விழுந்தாலும் நான்கிலும் பிரேக் போச்சு. அதுவும் மாஸ்டர் சிலிண்டர் கால் வைக்கும் தரைக்கு அடியில் ஒளிந்திருக்கும், பாய்க்கு கீழே ஒரு சின்ன மூடியைத் திறந்துதான் எண்ணெய் ஊற்ற வேண்டும். கண்ணில் படாததால் யாரும் பார்ப்பதில்லை. எஃகுக் குழாய்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துருவிருக்கும், எல்லாவற்றையும் மாற்றுங்கள். செம்பு நிக்கல் கலந்த குழாய் துருப்பிடிக்காது, வளைக்கவும் எளிது. மூன்று ரப்பர் ஹோஸும் புதிது. ஆனால் வீல் சிலிண்டர்களைத் தூக்கிப் போடாதீர்கள். உள்சுவர் குழி விழுந்திருந்தால் துளையைப் பெரிதாக்கி, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் உறை இறக்கித் தருவார்கள். அசல் வார்ப்பு அப்படியே இருக்கும், உள்ளே புதிதை விட உறுதி. பிரேக் கட்டைகளும் அப்படியே: பழைய இரும்புக் கட்டைக்குப் புது லைனிங் ஒட்டித் தருவார்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்று அடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

இங்கேதான் வருட வரிசை வேலைக்கு வருகிறது. அரை டன் செவர்லேயில் 1950 வரை ஹக் வகை பிரேக், 1951 முதல் பெண்டிக்ஸ். 1951-ன் கட்டையை வாங்கி வந்து 1950-ன் தட்டில் மாட்ட முடியாது. மாட்டுவதானால் பின்தட்டோடு முழுதாகத்தான் மாற்ற வேண்டும். ஹக் பிரேக்கைக் குறை சொல்கிறவர்கள் நிறைய. ஒழுங்காகச் சரிசெய்த ஹக், இந்த வண்டி போகும் வேகத்துக்குப் போதும் என்பது என் அனுபவம். தினமும் நெரிசலில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் பெண்டிக்ஸுக்கு மாறுவதை யோசியுங்கள். பிரேக் எண்ணெய் டாட் 3 ஊற்றினால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அது ஈரத்தை இழுக்கும். சிலிக்கான் வகையான டாட் 5 ஈரத்தை இழுக்காது, பெயின்ட்டையும் தின்னாது. ரொம்ப நாள் நிற்கும் வண்டிக்கு நல்லது. ஆனால் இரண்டையும் கலக்கவே கூடாது.

12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்கிறவர்களுக்கு என் பதில்: முதலில் கேபிளைப் பாருங்கள். 6 வோல்ட் செல்ஃப் மந்தமாகச் சுற்றுவதற்குக் காரணம் 6 வோல்ட் இல்லை. யாரோ இடையில் போட்ட 12 வோல்ட் வண்டிக் கேபிள். அதே வேலைக்கு பாதி வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். மெல்லிய கேபிளில் அது தடைபடும். கட்டை விரல் பருமனுக்குக் கேபிள் போடுங்கள். எர்த் பட்டை மாட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைத் தெரிய வையுங்கள். கேபினுக்கும் சேஸிக்கும், இன்ஜினுக்கும் சேஸிக்கும் தனித்தனி எர்த். காலால் மிதிக்கும் செல்ஃப் சட்டென்று எழும். செவர்லேயில் நெகட்டிவ் எர்த்; அதே காலத்து ஃபோர்டில் பாசிட்டிவ். பழக்கதோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். டைனமோவைக் கழற்றி மாட்டினால், இன்ஜினை ஓட்டும் முன் ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு வயரால் ஒரே நொடி தொட்டு எடுங்கள். காந்தப் புலம் சரியான திசைக்கு வரும். இது செவர்லேயில் இருக்கும் டெல்கோ-ரெமி வகை டைனமோவுக்கான முறை. ஃபோர்டில் இப்படிச் செய்தால் ரெகுலேட்டர் எரியும்.

வயரிங் மட்டும் அசலை விட்டுவிடுங்கள். துணி சுற்றிய பழைய வயரை வளைத்தால் உள்ளே இருக்கும் ரப்பர் பொடியாக உதிரும். வெளியே அதே துணிப் பின்னல், உள்ளே இன்றைய காப்பு என்று செய்த ஹார்னஸ் கிடைக்கிறது. கூடவே பேட்டரியைத் துண்டிக்கும் ஒரு ஸ்விட்ச். அது அசல் இல்லைதான். டேங்க்குக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டியில் அது இருக்கட்டும்.

தகட்டு வேலை. கேபினின் பின் மூலைகள், கால் வைக்கும் தரை, படிக்கட்டு, கதவின் அடி, இந்த நான்கிலும் துரு நிச்சயம். பட்டி போட்டு மறைத்திருக்கிறார்களா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டுப் போடும்போது துருவின் விளிம்போடு வெட்டுவதை நிறுத்தாதீர்கள். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள், ஆனால் அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட வேண்டாம். மெல்லிய தகட்டை மணல் அடிக்கக் கொடுத்தால் அலை அலையாக நெளிந்து வரும். என் பானட் ஒன்று அப்படிப் போனது. சேஸிக்கும் சக்கரத்துக்கும் மணல் சரி. சின்னப் பாகங்களுக்கு நான் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜரை வைத்துத் துரு எடுப்பேன். பாகம் நெகட்டிவில், ஒரு பழைய இரும்புத் துண்டு பாசிட்டிவில். நல்ல இரும்பு கொஞ்சம்கூடக் கரையாது, பாகத்தில் தொழிற்சாலை பொறித்த எண்கள் அப்படியே மேலே வரும். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் மாட்டாதீர்கள், தண்ணீரில் நச்சுக் குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள். துத்தநாக வார்ப்புக் கைப்பிடிகளை இதில் போட்டால் கரைந்துவிடும்.

பெயின்ட் பற்றி ஒன்றும் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. பண்ணையில் உழைத்த வண்டியின் நிறம் மங்கித்தான் இருக்கும். தகடு உறுதியாக இருந்தால் கழுவி, மெழுகு தேய்த்து அப்படியே விடுவது என் விருப்பம். அடிக்கத்தான் வேண்டும் என்றால் இருக்கைக்குப் பின்னால், கிளவ் பாக்ஸ் உள்ளே பாருங்கள், பிறந்த நிறம் தெரியும். பெரும்பாலும் ஃபாரஸ்ட் கிரீன்தான். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும், ஈரமாகத் தேய்த்து மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கப் பலகைகளுக்கு வீட்டு மேஜை மாதிரி வார்னிஷ் பளபளப்பு வேண்டாம். தொழிற்சாலையில் அவற்றுக்குப் பெயின்ட்தான் அடித்தார்கள். ஓக் மரத்தில் கண்ணாடி போல மினுங்கும் தளம் கண்காட்சிக்காரர்களின் கண்டுபிடிப்பு. அதில் ஒரு வைக்கோல் கட்டை ஏற்றக்கூட மனம் வராது.

இனி பராமரிப்பு. இந்த இன்ஜினோடு ஆயில் ஃபில்டர் கட்டாயமாக வரவில்லை, தனியாக வாங்கி மாட்டிக்கொள்வதுதான். இருந்தாலும் ஆயிலின் ஒரு பகுதியைத்தான் அது வடிக்கும். எனவே 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை, ஆயிலை மாற்றுவேன். தொட்டியை இறக்கிச் சேறு எடுத்த இன்ஜினுக்கு இன்றைய சாதாரண ஆயில் தாராளமாகப் போடலாம். சேறு எடுக்காமல் ஊற்றினால்தான் வம்பு. அதில் இருக்கும் கழுவும் தன்மை பழைய சேற்றைப் பெயர்த்து, நான் மேலே சொன்ன சின்னக் குழாய்களுக்குள் கொண்டுபோய் அடைக்கும். துத்தநாகம் சேர்த்த விசேஷ ஆயில் வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். இதன் வால்வு ஸ்பிரிங் மென்மையானது, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஏர் கிளீனர் அடியில் ஆயில் ஊற்றும் வகை என்றால் அந்த ஆயிலையும் மாற்றி, வலையை மண்ணெண்ணெயில் கழுவுங்கள்.

கிரீஸ் நிப்பிள்களை எண்ணி எழுதி வையுங்கள். கிங் பின், ஸ்பிரிங் ஷாக்கிள், ஸ்டீயரிங் மூட்டுகள், பெடல் ஷாஃப்ட். 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். கிங் பின்னுக்கு அடிக்கும்போது முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியுங்கள். பாரம் இறங்கிய பிறகுதான் கிரீஸ் எல்லாப் பக்கமும் போகும். கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.4 வகை ஆயில். கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று ஜி.எல்.5 ஊற்றினால் அதிலுள்ள கந்தகச் சேர்க்கை உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

இந்த வண்டிக்கே உரிய ஒரு விசித்திரம் உண்டு. கியர் பாக்ஸ் ஆயில் குறைந்துகொண்டே போகும், தரையில் ஒரு சொட்டும் இருக்காது. டிரைவ் ஷாஃப்ட் ஒரு மூடிய குழாய்க்குள் ஓடுகிறது. கியர் பாக்ஸின் பின் புஷ்ஷும் சீலும் தேய்ந்தால் ஆயில் அந்தக் குழாய்க்குள்ளேயே நடந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும். அங்கே நிரம்பி வழிந்து, ஆக்சில் சீலைத் தாண்டி, பின்பக்க பிரேக் லைனிங்கை நனைக்கும். பின் பிரேக் ஒருபக்கம் இழுக்கிறது என்று லைனிங்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிஃபரன்ஷியலின் அளவு மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் குபுக்கென்று வந்தால் குற்றவாளி முன்னால் இருக்கிறான்.

மாதம் ஒருமுறையாவது முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது ஓட்டாமல் இருப்பதை விட மோசம். இன்ஜின் முழுதாகச் சூடாகாததால் உள்ளே படிந்த ஈரம் ஆயிலிலேயே தங்கிவிடும். வேகம் மணிக்கு 70, 75 கிலோமீட்டருக்குள். பின் ஆக்சில் விகிதம் 4.11, அதற்கு மேல் போனால் ராடுகள் தாங்கும் அளவைத் தாண்டி இன்ஜின் சுற்றும். டயர் கட்டை தேயாமல் இருந்தாலும் பத்து வருடம் ஆனால் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக அந்த 235 இன்ஜின். 1954 முதல் வந்த 235-ல் ராடுகளுக்கும் அழுத்தத்தில் ஆயில் போகும். நெடுஞ்சாலையில் அடிக்கடி போக வேண்டியவருக்கு அது நியாயமான மாற்றம்தான், அதே குடும்பத்து இன்ஜின், கொஞ்சம் வாட்டர் பம்ப், மவுன்ட் வேலையோடு உட்கார்ந்துவிடும். ஆனால் உங்கள் 216-ன் தொட்டியை இன்னும் இறக்கிப் பார்க்கவில்லை. இறக்குங்கள், ஷிம் எத்தனை பாக்கி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு இருந்தால்கூட அந்த இன்ஜினுக்கு இன்னும் நிறைய ஓட்டம் இருக்கிறது. இல்லை, மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானால், பழையதை ஆயில் ஊற்றி, துளைகளை அடைத்து, கொட்டகையில் ஒரு மூலையில் வையுங்கள். அந்தத் தேதி வார்த்த பிளாக் வேறு எங்கும் கிடைக்காது.